பேர்ஸ் கேள்வி பதில்: கோச் மாறியாச்சு, கேலப் தேறுவாரா?

2026 ஜனவரி 18 அன்று ராம்ஸிடம் ஓவர்டைமில் 20-17 தோல்வி. அமெரிக்கக் கால்பந்து (NFL) டீமான சிகாகோ பேர்ஸுக்கு 2025 சீசன் அதோடு முடிந்தது. கோச் மாற்றம், குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆஃபென்ஸை நடத்துபவர்) கேலப் வில்லியம்ஸ், அவரைக் காக்கும் ஆஃபென்சிவ் லைன், சம்பளக் கணக்கு ஆகியவற்றைப் பற்றி கேளுங்கள். புது ஸ்டேடியம், பந்தயம், ஃபேன்டஸி பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

முகில்: நான் இந்த சீசன்தான் பார்க்க ஆரம்பித்தேன். பழைய கோச் எபர்ஃப்ளூஸை ஏன் 2024 சீசன் நடுவில் தூக்கினார்கள்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் பாதிதான் புரியும், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2024 டிராஃப்டில் (டீம்கள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வு) முதல் ஆளாக கேலப்பை எடுத்தபோது ஹெட் கோச் மேட் எபர்ஃப்ளூஸ் ஏற்கெனவே இரண்டு சீசன் முடித்திருந்தார். அவர் டிஃபென்ஸ்காரர். ஆஃபென்ஸில் எந்த ஆட்டத்தை (ப்ளே) எப்போது ஆடுவது என்று சொன்னவர், அதாவது ப்ளே காலர், கோஆர்டினேட்டர் ஷேன் வால்ட்ரன். நவம்பர் 10 அன்று பேட்ரியட்ஸிடம் 19-3 என்று தோற்றார்கள். அந்த ஒரே மேட்சில் கேலப் 9 முறை சாக் ஆனார், அதாவது பந்தை வீசுமுன்பே வீழ்த்தப்பட்டார். இரண்டு நாளில் வால்ட்ரன் போனார், தாமஸ் பிரவுன் அந்த இடத்துக்கு வந்தார்.

அடுத்தது நவம்பர் 28, தேங்க்ஸ்கிவிங், டெட்ராய்ட்டில் லயன்ஸுடன் மேட்ச். 23-20 பின்னடைவு. லயன்ஸ் பக்கம் 41 யார்டு கோட்டில் கேலப் சாக் ஆகிறார். 36 விநாடி பாக்கி, கையில் ஒரு டைம்அவுட் இருக்கிறது. சைட்லைனில் யாரும் அதைக் கேட்கவில்லை. களத்தில் ஆட்கள் எழுந்து, வரிசையில் நின்று, கேலப் ஆட்டத்தை மாற்றிச் சொல்லி, பந்தை எடுக்கும்போது 6 விநாடிதான் மிச்சம். வீசிய பந்து யாருக்கும் கிடைக்காமல் விழுந்ததோடு மேட்சும் முடிந்தது. மறுநாள் எபர்ஃப்ளூஸ் வெளியே. பேர்ஸ் சரித்திரத்தில் சீசன் நடுவே நீக்கப்பட்ட முதல் ஹெட் கோச் அவர்தான். பிரவுனே இடைக்கால ஹெட் கோச் ஆனார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: 22 வயதுப் பையன், முதல் சீசன், 17 மேட்சுக்குள் இரண்டு ஹெட் கோச், இரண்டு ப்ளே காலர். கடைசியில் 5-12, அதாவது 5 வெற்றி, 12 தோல்வி.

தென்றல்: டிஃபென்ஸ் கோச் இருந்தால் இளம் குவார்ட்டர்பேக் தேறவே முடியாதா?

முடியும். டிஃபென்ஸிலிருந்து வந்த டேன் க்வின் கையில்தான் அதே 2024 டிராஃப்டில் வந்த குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் முதல் ஆண்டிலேயே வாஷிங்டனை 12-5க்குக் கொண்டுபோனார். சிக்கல் வேறு. ஹெட் கோச் டிஃபென்ஸ்காரர் என்றால் ஆஃபென்ஸ் முழுக்க கோஆர்டினேட்டர் தலையில். அவர் சொதப்பினால் நீக்குவார்கள், நன்றாகச் செய்தால் வேறு டீம் ஹெட் கோச்சாகக் கூட்டிப்போகும். எப்படிப் பார்த்தாலும் குவார்ட்டர்பேக்குக்குப் புதுப் பாடம், புதுச் சொற்கள். 2025இல் பேர்ஸுக்கு வந்த பென் ஜான்சன் ஹெட் கோச்சாக இருந்துகொண்டே ப்ளேயையும் தானே சொல்கிறார். அவருக்குக் கீழே கோஆர்டினேட்டர் யார் போனாலும் வந்தாலும் கேலப் காதில் கேட்கும் குரல் மாறாது.

காது என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் இருக்கிறது. அடுத்த ப்ளேயைத் தொடங்க 40 விநாடி தரும் ப்ளே கிளாக்கில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது இணைப்பு தானாக அறுந்துவிடும். அந்த 40 விநாடியில் முதல் 25க்குள் கோச் சொல்லி முடிக்க வேண்டும். பிறகு ஹடில் (ஆட்கள் கூடிப் பேசுவது), வரிசை, எதிராளி எப்படி நிற்கிறான் என்ற கணிப்பு எல்லாம் குவார்ட்டர்பேக் பாடு. ப்ளே தாமதமாக வந்தால் முதலில் பறிபோவது அந்தக் கணிப்பு நேரம்தான்.

பத்தாம் நம்பர்: டேனியல்ஸை எடுத்திருக்கலாமே அண்ணே?

2024 முடிவில் கேட்டிருந்தால் நியாயமான கேள்வி. 2025இல் அவர் காயத்தால் 7 மேட்ச்தான் ஆடினார், வாஷிங்டன் 5-12. ப்ளே காலர் கிளிஃப் கிங்ஸ்பரியும் போய்விட்டார். மூன்றாம் ஆண்டில் டேனியல்ஸ் புதிதாகத் தொடங்க வேண்டும். ஒரு சீசனை வைத்து எந்தக் குவார்ட்டர்பேக்குக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

லயன்ஸ்பிரியன்: கேலப் 2024இல் 68 சாக், 2025இல் 24. இதில் அவர் பெருமை என்ன இருக்கிறது? மூன்று புது லைன்மேன் வாங்கினார்கள், சாக் குறைந்தது. யாரை நிறுத்தியிருந்தாலும் இதே கதைதான்.

லைன் மாறியது உண்மை. சீஃப்ஸிடமிருந்து ஜோ தூனி, ராம்ஸிடமிருந்து ஜோனா ஜாக்சன், ஃபால்கன்ஸிலிருந்து சென்டர் ட்ரூ டால்மன். நடு மூன்று இடமும் புதுசு. நேரே நெஞ்சுக்கு எதிரே வரும் அழுத்தம்தான் குவார்ட்டர்பேக்கை முன்னே அடியெடுக்க விடாமல் செய்வது. அதை முதலில் அடைத்தது சரியான வேலை.

ஆனால் லைனின் இடது ஓரமான லெஃப்ட் டாக்கிள் இடத்தில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். லைன் மட்டும்தான் காரணம் என்றால் அந்தப் பக்கத்திலிருந்தே சாக் கொட்டியிருக்க வேண்டும். கொட்டவில்லை. மற்ற காரணங்களையும் பாருங்கள். ஜான்சன் கேலப்பை அடிக்கடி சென்டருக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ப்ளேயைத் தொடங்குபவர்) பின்னால் ஒட்டி நேராக நிறுத்தினார். அங்கிருந்து பந்தை ஓட்டக்காரனிடம் நீட்டி இழுக்கும்போது லைன்பேக்கர்கள் ஒரு நொடி முன்னே வருகிறார்கள், பாஸ் ரஷ் (குவார்ட்டர்பேக்கை வீழ்த்தப் பாயும் ஆட்கள்) ஒரு நொடி தயங்குகிறது. பிலடெல்ஃபியாவை 24-15 என்று வென்ற மேட்சில் ஓட்டக்காரர்கள் ஸ்விஃப்ட், மொனங்காய் இருவருமே 100 யார்டு தாண்டி ஓடினார்கள். அப்படி ஓடுகிற டீமின் போலி நீட்டலை எவனும் அசட்டை செய்ய முடியாது. அந்த மேட்ச் தேதியைப் பாருங்கள்: நவம்பர் 28. டைம்அவுட் கூத்து நடந்து சரியாக ஒரு வருடம்.

லயன்ஸ்பிரியன்: நீங்களே சொல்லிவிட்டீர்கள். லைன், கோச், ஓட்டம். கேலப் எங்கே?

வருகிறேன். சாக் என்பது பாதி குவார்ட்டர்பேக்கின் கணக்கு. அடுத்த மேட்சில் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்நாப் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பது) ஆனதும் தொடங்கி, அடி விழும்போது நிறுத்துங்கள். இரண்டரை விநாடிக்குள் அடி விழுந்தால் பெரும்பாலும் லைன் குற்றம், இல்லையேல் எதிராளி ஒருவனை யாருமே தொடவில்லை. மூன்று விநாடியைத் தாண்டினால் ரீப்ளேயில் கேலப்பின் பின்னங்காலைப் பாருங்கள். கடைசி அடி ஊன்றியதும் பந்து போயிருக்க வேண்டும். கால் ஊன்றிய பிறகும் உடம்பு பின்னுக்கே போனால் அந்த சாக் அவர் பெயரில் எழுத வேண்டியது. 2024இல் இரண்டு வகையும் ஏராளம். 2025இல் இரண்டாம் வகை வெகுவாகக் குறைந்தது, ஏனென்றால் அவர் பந்தைக் கோட்டுக்கு வெளியே வீசக் கற்றுக்கொண்டார்.

சேலம் வாசகர்: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். வீசக் கற்றுக்கொண்டவரின் கம்ப்ளீஷன் (வீசியதில் பிடிபட்ட பந்துகளின் பங்கு) ஏன் 58.1 சதவீதம்? ஜான்சன் 70 என்று இலக்கு வைத்தாரே!

இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கம் சார். வெளியே எறியும் ஒவ்வொரு பந்தும் இன்கம்ப்ளீட் என்றுதான் பதிவாகும். சாக் ஆனால் அந்தச் சதவீதத்தில் ஒரு கீறலும் விழாது. 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். முதல் டவுனில் 7 யார்டு இழந்து சாக் ஆனால் அடுத்தது 2-வது டவுனுக்கு 17. வெளியே எறிந்தால் 2-வது டவுனுக்கு 10. எனக்கு இரண்டாவதே வேண்டும், சதவீதம் இறங்கினாலும்.

அதற்காக 58.1ஐப் பூசி மெழுகவும் மாட்டேன். பக்கத்தில் நிற்பவனுக்கு ஐந்து யார்டு பந்தை முழங்காலுக்குக் கீழே போடுவது எறிதலின் தப்பு, அதற்குச் சாக்கு கிடையாது. இந்த ஆஃப்சீசனில் காலடியிலிருந்து திருத்த வேண்டிய இடம் அது.

லயன்ஸ்பிரியன்: ராம்ஸ் மேட்சில் கொமெட்டுக்கு வீசியதைப் பார்த்துமா காலடி என்கிறீர்கள்?

அதைப் பார்த்ததால்தான் சொல்கிறேன். 4-வது டவுனுக்கு 4, பந்து 14 யார்டு கோட்டில். அழுத்தம் வருகிறது, கேலப் பின்னே, இன்னும் பின்னே, ஏறக்குறைய 40 யார்டு கோடு வரை போய், தரையில் கால் சரியாக ஊன்றாமலே எண்ட் ஸோனுக்கு உயரத் தூக்கிப் போடுகிறார். கோல் கொமெட் கையில் விழுகிறது. 18 விநாடி பாக்கி, ஆட்டம் சமன். இப்படி வீசக்கூடியவர்கள் இந்த லீக்கில் விரல்விட்டு எண்ணும் அளவு. அதே பின்வாங்கலை இரண்டாம் குவார்ட்டரில் முதல் டவுனில் செய்தால் 20 யார்டு நஷ்டம். வேறு வழியே இல்லாதபோது அது வரம், வழி இருக்கும்போது அது வியாதி. இரண்டையும் பிரித்துக் கற்றுக்கொடுப்பதுதான் ஜான்சனின் வேலை.

இந்த வழக்கை இதோடு நிறுத்துவோம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வைகை: டேனியல்ஸை எடுத்திருந்தால்...

மேலே பதில் இருக்கிறது.

நடுராத்திரி: பேர்ஸ் மேட்ச் இந்திய நேரத்தில் எப்போது?

சிகாகோ பகல் 12 மணி மேட்ச் என்றால் நமக்கு ஞாயிறு இரவு 10:30. நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பிய பிறகு 11:30.

கயல்: 11-6, டிவிஷன் வெற்றி, பேக்கர்ஸை 31-27 என்று பிளேஆஃபில் துரத்தியடித்தது. இனி வருடா வருடம் சூப்பர் பவுல் போட்டிதானே?

இதற்காகத்தான் இன்று உட்கார்ந்தேன். 2018ஐ நினைத்துப் பாருங்கள்.

2017 டிராஃப்டில் பேர்ஸ் மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறி குவார்ட்டர்பேக் மிட்ச் ட்ருபிஸ்கியை எடுத்தது. அந்த சீசன் முடிந்ததும் கோச் ஜான் ஃபாக்ஸ் நீக்கம். ஆஃபென்ஸ் மூளை என்று மேட் நேகி வந்தார். ட்ருபிஸ்கியின் இரண்டாம் ஆண்டான 2018இல் 12-4, டிவிஷன் வெற்றி, நேகிக்கு ஆண்டின் சிறந்த கோச் விருது. அடுத்த ஆண்டு 8-8. 2021இல் அடுத்த குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். அந்த சீசன் முடிந்ததும் நேகி நீக்கம். 2024இல் கேலப், அதே சீசனில் எபர்ஃப்ளூஸ் நீக்கம். மூன்று பையன்கள், மூவருக்கும் முதல் வருட கோச் இரண்டாம் வருடத்தில் இல்லை.

2018இல் அந்த 12 வெற்றியைத் தூக்கி நிறுத்தியது டிஃபென்ஸ் பறித்த பந்துகள். 36 டர்னோவர், லீக்கிலேயே அதிகம். அடுத்த ஆண்டு அது ஏறக்குறைய பாதியானது. 2025லும் அதே வரிசை: பந்து பறிப்பதில் பேர்ஸ் டிஃபென்ஸ் முதலிடம், கெவின் பயர்ட் 7 இன்டர்செப்ஷனோடு (எதிரணி வீசிய பந்தைப் பிடிப்பது) லீக்கில் முதல் ஆள். பந்து பறிப்பதில் திறமை உண்டு. ஆனால் தட்டிய பந்து எவன் கையில் விழும் என்பதும், கைநழுவிக் கீழே விழுந்த ஃபம்பிள் எந்தப் பக்கம் குதிக்கும் என்பதும் வருடா வருடம் ஒரே மாதிரி வராது. 2026இல் அது குறையும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும். குறைகிற பந்துகளை ஈடுகட்ட பாஸ் ரஷ் பலமாக வேண்டும், ஆஃபென்ஸ் முதல் மூன்று குவார்ட்டரிலும் பாயிண்ட் சேர்க்க வேண்டும். பேக்கர்ஸ் மேட்சில் இடைவேளையில் 21-3 பின்தங்கியிருந்தார்கள். அப்படித் துரத்துவது எல்லா வாரமும் நடக்காது.

2018க்கும் இன்றைக்கும் வித்தியாசம் என்று நான் நம்புவது, கேலப் 3,942 யார்டு வீசி பேர்ஸின் ஒரு சீசன் சாதனையை முறியடித்திருக்கிறார். எரிக் கிராமர் 1995இல் வைத்த 3,838 அது. ட்ருபிஸ்கியை மறைத்து வைத்து ஜெயித்தார்கள். கேலப் கையில் கொடுத்து ஜெயிக்கிறார்கள்.

பத்தாம் நம்பர்: அதே டிராஃப்டில் பேட்ரியட்ஸ் எடுத்த குவார்ட்டர்பேக் டிரேக் மே மட்டும் எப்படி? அவருக்கும் முதல் வருட கோச் போனாரே.

நல்ல கேள்வி தம்பி. ஜெராட் மேயோவை ஒரே சீசனில் நீக்கி மைக் வ்ரேபலைக் கொண்டுவந்தார்கள், 2025இல் 14-3. ஆகவே மாற்றமே விஷம் என்று நான் சொல்லவில்லை. மாற்ற வேண்டுமானால் முதல் வருடத்திலேயே மாற்று, பிறகு கை வைக்காதே. ஃபீல்ட்ஸ் விஷயத்தில் கோச்சை மாற்றினார்கள், ஆனால் லைனைக் கட்டவில்லை. கடைசியில் ஆறாம் சுற்றுப் பிக்குக்கு ஸ்டீலர்ஸிடம் போனார்.

கயல்: கேலப்புக்குப் பெரிய ஒப்பந்தம் எப்போது?

முதல் சுற்று ஆட்டக்காரருக்கு நான்கு வருடம், டீம் விரும்பினால் ஐந்தாவது. மூன்றாம் சீசன் முடியும் வரை நீட்டிப்புப் பேசவே விதி அனுமதிக்காது. அதாவது 2026 சீசன் முடிந்த பிறகு. ஐந்தாம் வருட முடிவை 2027 மே தொடக்கத்துக்குள் சொல்ல வேண்டும். அதற்குள் செலவழிக்கக் கிடைத்திருக்கும் மலிவு வருடம் 2026. லெஃப்ட் டாக்கிளும் பாஸ் ரஷரும் இப்போது வாங்காவிட்டால் பிறகு கை கடிக்கும்.

மறவன்: ராம்ஸ் மேட்ச் ஓவர்டைமில் கேலப் டிஜே மூருக்கு வீசிய பந்து இன்டர்செப்ஷன் ஆனதே, அது கேலப் தப்பா, மூர் தப்பா?

வீசியவரும் ஓடியவரும் ரூட்டை (ஓட வேண்டிய பாதை) வேறு வேறாகப் படித்திருக்கிறார்கள். உள்ளே என்ன சொல்லிவைத்தார்கள் என்று தெரியாமல் வெளியிலிருந்து பழி போடுவது நியாயமில்லை. இரண்டாம் வருட ஜோடியிடம் நடக்கக்கூடிய பிழை அது.

வைகை: சரி அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். டேனியல்ஸ் காயப்படாமல் இருந்திருந்தால்?

வைகை, மூன்றாவது முறை. பேர்ஸின் குவார்ட்டர்பேக் கேலப்தான். அவரைப் பற்றிக் கேளுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கிறேன்.