வேலை போனால்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வேலை இழப்பைப் பற்றியவை. பல கேள்விகள் ஒரு வாரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு மீட்க முடியாத சில விஷயங்கள் இருக்கின்றன. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

"காலையில் ஹெச்.ஆர். கூப்பிட்டு, ‘சாயங்காலத்துக்குள் நீங்களே ரிசைன் பண்ணிவிடுங்கள், இல்லையென்றால் டெர்மினேஷன்தான், அடுத்த வேலையே கிடைக்காது’ என்கிறார்கள். 9 வருட சர்வீஸ். என்ன செய்வது?" – ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

அந்த அறையில் வைத்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் பேசிவிட்டு நாளை மறுநாள் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். வந்ததும் ஹெச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று காலை 11 மணிக்கு நடந்த சந்திப்பில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். யோசிக்க அவகாசம் வேண்டும். நிறுவனம் தரவிருக்கும் தொகையின் விவரத்தை எழுத்தில் தாருங்கள்." உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியையும் அதில் சேர்த்துவிடுங்கள். அலுவலக மெயில் அன்று மாலையே முடங்கிவிடலாம்.

ராஜினாமாவுக்கும் ஆட்குறைப்புக்கும் பணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. சட்டப்படி தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவரை ஆட்குறைப்பு செய்தால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் அந்தப் பேச்சே எழாது. பதவிப் பெயரில் ‘மேனேஜர்’ இருப்பதால் மட்டும் நீங்கள் அந்த வரையறைக்கு வெளியே போய்விடுவதில்லை. உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். இதை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பது வீண் செலவு ஆகாது.

அடுத்த நிறுவனம் செய்யும் பின்னணிச் சரிபார்ப்புக்குப் பயந்து ராஜினாமாதான் வேண்டும் என்று முடிவெடுத்தாலும் பேரம் பேசுங்கள். நோட்டீஸ் காலச் சம்பளம், அதற்கு மேல் எத்தனை மாதச் சம்பளம், மீதி விடுப்புக்கான பணம், பணிக்கொடை (கிராஜுவிட்டி), ரிலீவிங் லெட்டர் தரும் தேதி, குடும்ப மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரை ஓடும் என்பது, எல்லாமே எழுத்தில் வரட்டும். ராஜினாமா மெயிலில் "நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில்" என்ற மூன்று சொற்களை விட்டுவிடாதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கினாலும் நீங்களாக விலகினாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். "45 நாளில் செட்டில்மென்ட்" என்று பழக்கத்தில் சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள். பணிக்கொடைக்கு மட்டும் 30 நாள்.

இன்றே உங்கள் பே ஸ்லிப், ஃபார்ம் 16, நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்களை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் மென்பொருள் நிரலையோ வாடிக்கையாளர் கோப்புகளையோ தொடாதீர்கள். அதைக் காட்டியே உங்கள் பணத்தை நிறுத்திவைப்பார்கள். லேப்டாப்பை ஒப்படைக்கும்போது சீரியல் எண்ணோடு ரசீது வாங்குங்கள். காப்பீட்டை அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்ற, கடைசி வேலை நாளுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். வீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெற்றோர் இருந்தால் இது தள்ளிப்போடக் கூடிய வேலையே இல்லை.

"4 வருடம் 10 மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். 5 வருடம் ஆகாததால் கிராஜுவிட்டி இல்லையாமே?" – திருப்பூர் வாசகர்

உண்டு, கேளுங்கள். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதை முழு வருடமாகக் கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது. சம்பளத்தோடு கூடிய விடுமுறைகளும் இந்த 240-இல் சேரும்.

கணக்கு எளிது. கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்குங்கள். 30,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 17,307.69, ஐந்து வருடத்துக்கு 86,538 ரூபாய். எழுத்தில் விண்ணப்பித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் புதிய சட்டத்தில் ஒரு வருடமே போதும்.

"பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்து வீட்டுக் கடனில் கட்டிவிடலாமா? மொத்தம் 8 வருட சர்வீஸ்." – கோவை வாசகி

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கையில் பணம் இல்லாத நேரத்தில் மொத்தத்தையும் கடனில் போட்டால் அடுத்த மாதம் மளிகைக்கு எங்கே போவீர்கள்? தேவைக்கு மட்டும் ஒரு பகுதியை எடுங்கள். புதிதாகப் பணம் சேராவிட்டாலும் கணக்கில் வட்டி உடனே நின்றுவிடாது. 2024-25-க்கு அது 8.25 சதவீதம். வேலையை விட்ட பின் சேரும் வட்டிக்கு வரி உண்டு, அவ்வளவுதான்.

பென்ஷன் பகுதியை மட்டும் தொடவே தொடாதீர்கள். மொத்த சர்வீஸ் 10 வருடம் ஆனால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். இப்போது ஃபார்ம் 10சி போட்டுப் பணமாக எடுத்தால் உங்கள் 8 வருடமும் அழிந்து, அடுத்த வேலையில் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். பணமாக எடுப்பதற்குப் பதில், சர்வீஸைக் காப்பாற்றிவைக்கும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கலாம், அல்லது புதிய வேலையில் சேர்ந்ததும் அதே யூ.ஏ.என். என்ற பி.எஃப். பொது எண்ணில் கணக்கை மாற்றிக்கொள்ளலாம்.

நம் ஊரில் விண்ணப்பம் திரும்பி வர முக்கியக் காரணம் இனிஷியல். ஆதாரில் "கா. முருகன்", பான் கார்டில் "முருகன் காளிமுத்து", பி.எஃப்.பில் "முருகன் கே" என்று மூன்று விதமாக இருக்கும். கம்ப்யூட்டருக்கு அது மூன்று ஆள். இதைத் திருத்த நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படலாம். ஆகவே வெளியே வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள். நிறுவனம் உங்கள் விலகல் தேதியைப் பதியவில்லை என்றால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து யூ.ஏ.என். தளத்தில் நீங்களே ஆதார் ஓ.டி.பி. மூலம் பதியலாம்.

வீட்டுக் கடனுக்கு: முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக் கிளைக்குப் போய், நீக்கக் கடிதத்தைக் காட்டி, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித்துத் தரக் கேளுங்கள். 90 நாள் நிலுவை ஆனால் அது வாராக் கடன். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையைக் கட்டித் தள்ளுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும்.

"ஒரகடத்தில் கணவர் வேலை பார்த்த கம்பெனியை ஜூலையில் மூடிவிட்டார்கள். சம்பளம் 17,800. இ.எஸ்.ஐ. கார்டு இனி செல்லாதா?" – படப்பை வாசகி

செல்லும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பிடித்தத்துக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை பிடித்ததற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அவர் ஜூலை வரை ஒழுங்காக வேலை பார்த்திருப்பதால், அடுத்த ஜூன் வரை உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சிகிச்சை கிடைக்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. ஆலை மூடல், ஆட்குறைப்பால் வேலை இழந்தவர் குறைந்தது இரண்டு வருடம் இ.எஸ்.ஐ. கட்டியிருந்தால், ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் திட்டத்தில் வேலையில்லாப் படி கேட்கலாம். முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. அடல் பீமித் வியக்தி கல்யாண் என்ற இன்னொரு திட்டமும் உண்டு. அதில் வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரை. நிறுவனத்தின் மூடல் கடிதம், ஆதார், வங்கிப் பாஸ்புக்கோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கே நேரில் போய் இரண்டைப் பற்றியும் கேளுங்கள். விருப்ப ஓய்வு என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு இந்த இரண்டும் வராது. முதல் பதிலில் கையெழுத்தைப் பற்றி அத்தனை வற்புறுத்தியதற்கு இதுவும் காரணம்.

"வயது 41. ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். ஐந்து மாதமாக 200 இடத்துக்கு மேல் ரெஸ்யூமே அனுப்பியும் அழைப்பே இல்லை." – ஓசூர் வாசகர்

நீங்கள் இணைத்திருந்த ரெஸ்யூமேவைப் படித்தோம். ஆறு பக்கம். முதல் பக்கத்தில் ‘கேரியர் ஆப்ஜெக்டிவ்’, கடைசியில் தந்தை பெயர், திருமண நிலை, கையெழுத்து. நடுவில் ‘தரத்தைக் கவனித்தேன்’ என்று நான்கு கம்பெனிக்கும் ஒரே வரி. ஆளெடுப்பவருக்கு உங்களைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இரண்டு பக்கமாக்குங்கள். மேல் வரியில் பதவி, அனுபவம், எந்த வகைப் பாகம்: வார்ப்பா, மெஷினிங்கா, ஷீட் மெட்டலா? அடுத்து நீங்கள் கையாண்டவை: சி.எம்.எம். (அளவிடும் இயந்திரம்), 8டி அறிக்கை (குறைக்குக் காரணம் கண்டு தீர்க்கும் அறிக்கை), பி.பி.ஏ.பி. (பாகத்துக்கான ஒப்புதல் ஆவணம்), ஐ.ஏ.டி.எஃப். 16949 (வாகனத் துறைத் தரநிலை) தணிக்கை. விளம்பரத்தில் இருக்கும் அதே சொல் உங்கள் ரெஸ்யூமேவில் இருந்தால்தான் தேடலில் விழும். பிறகு ஒவ்வொரு கம்பெனிக்கும் எண்ணோடு இரண்டு மூன்று வரி. ரிஜெக்‌ஷன் எத்தனை சதவீதத்திலிருந்து எத்தனைக்கு இறங்கியது, ஷிஃப்டில் எத்தனை பேர் உங்கள் கீழ், வாடிக்கையாளர் புகார் மாதம் எத்தனை குறைந்தது. உங்களிடம் அந்த எண்கள் நிச்சயம் இருக்கும். ஒரு சூப்பர்வைசர் தன் ரிஜெக்‌ஷன் சதவீதத்தை மறப்பதில்லை.

200 இடத்துக்கு ஒரே ரெஸ்யூமேவைவிட, வாரம் பத்து இடத்துக்குத் திருத்திய ரெஸ்யூமே பலன் தரும். அதைவிடப் பலன், உங்களைத் தெரிந்தவர்கள். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர், பொருள் தந்த வெண்டர், காலிபரேஷன் லேப்காரர் என்று முப்பது பெயர் எழுதுங்கள். "வேலை இருந்தால் சொல்லுங்க சார்" என்று அனுப்பாதீர்கள். "உங்கள் பிளான்டில் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் எடுப்பது யார்?" என்று கேளுங்கள். குறிப்பான கேள்விக்குப் பதில் எழுதுவது சுலபம். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதியுங்கள். கட்டணம் கிடையாது. முகாம்களும் நடக்கும்.

இடைவெளியைப் பற்றிக் கேட்டால் இரண்டே வாக்கியம்: "ஒரு லைனை மூடியதில் எங்கள் குழுவையே குறைத்தார்கள். இந்த மாதங்களில் இன்னதைக் கற்றேன்." பழைய முதலாளியைக் குறை சொல்லத் தொடங்கினால் அந்த அறையில் கவனம் உங்கள் திறமையை விட்டு நகர்ந்துவிடும்.

"துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. உட்கார்ந்தால் சம்பளப் பிடித்தம். எதிர்த்துக் கேட்டதற்கு ‘நாளையிலிருந்து வராதே’ என்கிறார்." – மதுரை வாசகி

உட்கார இருக்கை தருவதைக் கட்டாயமாக்கித் தமிழ்நாடு 2021-லேயே கடைகள் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. அதே சட்டத்தின்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீசும் (அல்லது அந்தச் சம்பளமும்) இல்லாமல் நிறுத்த முடியாது. மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. இந்த வாரமே தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். வருகைப் பதிவேட்டின் புகைப்படம், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு, சீருடை, எது இருந்தாலும் ஆதாரம்தான்.

"வேலை போய் ஆறு வாரம். வீட்டில் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி மெட்ரோ ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இரவு 3 மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் இல்லை." – பெயர் வேண்டாம்

உங்களைத் தின்பதில் பாதி வேலை இழப்பு, பாதி இந்த டிபன் பாக்ஸ். இந்த வாரமே மனைவியிடம் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் ஒரு தாளோடு உட்காருங்கள்: கையிருப்பு எவ்வளவு, மாதக் கட்டாயச் செலவு எவ்வளவு, எத்தனை மாதம் தாங்கும், எதை நிறுத்தலாம். "வேலை போய்விட்டது, நம்மிடம் நான்கு மாதத்துக்கு இருக்கிறது" என்பது வெறும் "வேலை போய்விட்டது" என்பதைவிடத் தாங்கக்கூடிய செய்தி. பிள்ளைகளிடமும் சுருக்கமாகச் சொல்லுங்கள். அவர்கள் ஏற்கெனவே ஏதோ உணர்ந்திருப்பார்கள்.

தூக்கத்துக்கு: எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுங்கள். பகல் 2 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். பகல் தூக்கமும் வேண்டாம். இரவில் விழித்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். போனில் வேலை விளம்பரம் பார்க்காதீர்கள். மது தூங்க வைப்பது போலத் தோன்றும். அந்த 3 மணி விழிப்பை அதுதான் கொண்டுவரும்.

சோர்வும் ஆர்வமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் அன்றே, அந்த நிமிடமே கூப்பிடுங்கள். தயவுசெய்து தனியாக இருக்காதீர்கள்.

"தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் ஒரு லட்சம், டூரிஸ்ட் விசாவில் வந்தால் போதும் என்கிறார் ஒரு ஏஜென்ட்." – தஞ்சாவூர் வாசகர்

போகாதீர்கள். டூரிஸ்ட் விசாவில் வேலை என்பதே சட்டவிரோதம். இதே வாக்குறுதியை நம்பித் தாய்லாந்து வழியாக மியான்மருக்கும், வேறு வழிகளில் லாவோஸுக்கும் கம்போடியாவுக்கும் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கூடாரங்களில் அடைபட்டவர்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் பதிவு எண்ணைப் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு இருக்கிறது.