ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ் போட்டும் டைட்டர் (இரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி, அதாவது நோய் எதிர்ப்புப் பொருளின் அளவு) 6தானா?

முதலிலிருந்து மூன்று ஊசியும் உடனே வேண்டாம், சிஸ்டர். ஒரே ஒரு டோஸ் போட்டு, 1-2 மாதம் கழித்து ஆன்டி-ஹெச்பிஎஸ் (அதே ஆன்டிபாடி அளவு) பாருங்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் போதும்.

படிக்கும்போது போட்டதற்கு இத்தனை வருடம் கழித்து டெஸ்ட் எடுத்திருக்கிறீர்கள். அளவு இறங்கியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். அன்று பிட்டத்தில் போட்டார்களா என்றும் யோசியுங்கள். அங்கே கொழுப்பில் போய்விட்டால் சரியாகப் பிடிக்காது. இந்த முறை தோள் தசையில்தான், 1 மில்லி.

அப்படியும் 10-க்குக் கீழே என்றால் மீதி இரண்டு டோஸையும் முடித்து மறுபடி டெஸ்ட். அதிலும் ஏறாவிட்டால் ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-ஹெச்பிசி (ஹெபடைடிஸ் பி தொற்று இப்போது இருக்கிறதா, முன்பு வந்ததா என்று காட்டும் டெஸ்ட்கள்) இரண்டும் பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் வேலையில் நோயாளிக்குப் போட்ட ஊசி தவறுதலாக உங்களைக் குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ரிப்போர்ட் செய்யுங்கள், பிதுக்க வேண்டாம். இம்யூனோகுளோபுலின் (தயார் நிலையில் உள்ள ஆன்டிபாடி ஊசி) தேவைப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது.