கேள்வி நேரம்: நாலு துறை, இரண்டு டைவ்

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா குடும்பத்தோடு வருகிற பெப்ரவரியில் மயாமியில் கப்பல் ஏறுகிறோம். ஏழு நாள் பயணம். பெலீஸ், ரொவட்டான், கொசுமெல், கிராண்ட் கேமன் ஆகிய துறைகளில் ஒவ்வொரு பகல் நிற்கும். பாசிக்குடாவில் ஓப்பன் வோட்டர் (சுழியோடலின் முதல் நிலைச் சான்றிதழ்) முடித்தவன் நான்; இதுவரை 9 டைவ். இரண்டு இடத்துக்குத்தான் காசு தேறும். பெலீஸ் புளூ ஹோலை (கடலில் உள்ள வட்டமான ஆழ்குழி) விட மனம் வரவில்லை. எதைத் தெரிவு செய்வது? (வாசகர், கல்லடி)

பதில்: அந்தப் புளூ ஹோலைத்தான் முதலில் விட வேண்டும். அது பெலீஸ் கரையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. பெரிய கப்பல்கள் துறைக்குள் வராமல் வெளிக்கடலில் நங்கூரமிடுவதால், சின்னப் படகில் கரைக்கு வரவே உங்கள் பகலில் ஒரு துண்டு போய்விடும். எல்லோரும் பேசுகிற சுண்ணாம்புத் தொங்கல்கள் கிட்டத்தட்ட 40 மீற்றரில். உங்கள் சான்றிதழ் 18 மீற்றருக்கு. அந்த ஆழத்தில் நிற்கக் கிடைப்பதும் சில நிமிடங்களே. அந்த வட்டத்தின் அழகு மேலேயிருந்து பார்த்தால்தான் தெரியும். அதற்கு விமானம் போதும், சிலிண்டர் வேண்டாம்.

என் தெரிவு ரொவட்டானும் கொசுமெலும். ஒன்றுதான் முடியுமென்றால் ரொவட்டான். அங்கே கப்பல் நிற்கும் தென் கரையிலிருந்து முருகைக்கற்பாருக்குப் படகில் சில நிமிடம்தான். படகை மிதவையில் கட்டிவிட்டு இறங்கி, அதே இடத்துக்குத் திரும்பலாம். பாசிக்குடாவில் பழகிய முறைதான். பெப்ரவரியில் அந்தப் பக்கமும் வாடைபோல ஒரு வடகாற்று வந்து போகும். அப்போது தென் கரை பெரும்பாலும் ஒதுக்காக இருக்கும். மேரிஸ் பிளேஸ் என்ற ஒடுக்கமான பிளவுக்குக் கூப்பிட்டால் மட்டும் போகவேண்டாம். 9 டைவுக்கு அது இறுக்கமான இடம்.

கொசுமெல் வேறு மாதிரி. தண்ணீர் கண்ணாடி, ஆனால் ஓட்டம் நிற்காது, பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும். நங்கூரமில்லை, திரும்பிப் பிடிக்கக் கயிறில்லை. நீங்கள் ஓட்டத்தோடு போக, படகு மேலே உங்களைத் தொடர்ந்து வரும். புதியவர்கள் பிழைவிடுவது இதில்தான்: எதையாவது படமெடுக்க ஓட்டத்துக்கு எதிராகக் காலடித்து, இருபதே நிமிடத்தில் காற்றை முடித்துவிடுவார்கள். எதிர்த்து நீந்தாமல் பாறைக்கு அருகே தாழ்ந்தால் இழுவை குறையும். பலன்கார் கார்டன்ஸ் அல்லது பரடைஸ் என்ற டைவ் இடத்தைக் கேளுங்கள். சாந்த றோசா சுவர் வேண்டாம். மிதப்புக் கட்டுப்பாடு தவறினால் அங்கே உங்களைத் தாங்க அடித்தளம் இல்லை. அது கடற்பூங்கா என்பதால் கையுறைக்கும் கத்திக்கும் தடை. 2018 முதல் அங்கே முருகைக்கல் நோய் பரவி நிறையக் கல் செத்துப்போனது. பழைய படங்களை நம்பி எதிர்பார்ப்பை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

கேமனில் கரைக்குப் போவதும் சின்னப் படகில்தான், காற்றுத் திரும்பினால் அதுவும் இல்லை. அந்த நாளை அண்ணாவின் பிள்ளைகளோடு, இடுப்பளவு தண்ணீரில் திருக்கை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மணிக்கணக்கு. இரண்டு சிலிண்டர் பயணம் (ஒரே படகில் இரண்டு டைவ்) போய்வர நாலு, ஐந்து மணித்தியாலம். கப்பல் 8 மணிக்குக் கட்டினாலும் இறங்க விட அரை மணியிலிருந்து ஒரு மணி வரை பிடிக்கும், 8.30க்குப் புறப்படும் படகை முற்பதிவு செய்தால் காசு போனதுதான். கப்பலில் ஏறவேண்டிய கடைசி நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்பே கரைக்குத் திரும்பும் படகாக எடுங்கள். பெலீஸ் நேரமும், ரொவட்டான் இருக்கும் ஹொண்டுராஸ் நேரமும் மயாமியை விட ஒரு மணி பின்னுக்கு. கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், கரையில் தானாக மாறிய தொலைபேசி 3 காட்டும்போது கப்பலில் 4. கையில் ஒரு சாதாரண மணிக்கூட்டைக் கப்பல் நேரத்தில் கட்டுங்கள். கப்பல்காரர் விற்கும் பயணமென்றால் பிந்தினாலும் காத்திருப்பார்கள். ஆனால் கூட்டம் அதிகம், புதியவர் பழகியவர் எல்லோரும் கலந்திருப்பார்கள். கப்பலோடு தொடர்பில்லாத வெளி டைவ் கடையில் ஆள் குறைவு, கப்பல் காத்திருக்காது. கப்பல் அந்தத் துறையையே தவிர்த்தால் காசு திரும்புமா என்று வெளிக்கடையில் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

இங்கே பழகிய கண்ணுக்கு அங்குள்ள மானி குழப்பும். சிலிண்டரின் அழுத்தம் 'பார்' அலகில் இல்லை, 'பிஎஸ்ஐ' அலகில்: 3000 என்றால் நிறைந்த சிலிண்டர், 1500 பாதி, 700 ஏறத்தாழ நம் 50 பார். 60 அடி நம் 18 மீற்றர். ஈயம் இறாத்தலில், இங்கே 6 கிலோ கட்டினால் அங்கே 13 கேளுங்கள்.

டைவுக்கு முன் நிரப்பும் மருத்துவப் படிவத்தில் சில கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் வைத்தியரின் கையெழுத்துக் கேட்பார்கள். ஈழை, பிரஷர் மாத்திரை ஏதாவது இருந்தால் அந்தக் கையெழுத்தை மட்டக்களப்பிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். துறையில் நின்று தேட முடியாது.

கேள்வி: கடைசித் துறையில் டைவ் பண்ணிவிட்டு அடுத்த நாள் காலையில் விமானம் ஏறலாமா? (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணித்தியாலம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18. இழையங்களில் கரைந்த நைதரசன் வெளியேறுமுன் விமானத்தின் குறைந்த அழுத்தத்துக்குப் போனால் குமிழியாகும். கப்பலில் தூங்குவதற்குத் தடையில்லை, அது கடல்மட்டம். தீவைச் சுற்றிக் காட்டும் ஹெலிகொப்டரும் விமானக் கணக்கில்தான் சேரும்.

கேள்வி: கரிபியன் போகுமுன் நம் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலில் பழகிப் பார்க்கலாமா? (வாசகர், வாழைச்சேனை)

பதில்: கூடாது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. தொழில்நுட்பச் சுழியோடிகளின் இடம் அது. அதே நாள் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீற்றரில் இருக்கிறது. ஓப்பன் வோட்டருக்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் முடித்தவர்களுக்குச் சரி. ஆனால் வாடையில் நம் கடல் கலங்கிக் கிடக்கும். செப்டெம்பரில் கடைசியாக இறங்கிவிட்டுப் பெப்ரவரியில் கொசுமெல் ஓட்டத்தில் குதிக்கப் போகிறவர், ஜனவரியில் ஹிக்கடுவையிலோ உனவட்டுனையிலோ ஒரு நாள் இறங்கி, முகமூடியில் தண்ணீர் விட்டு வெளியேற்றுவதையும் 5 மீற்றரில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்பதையும் செய்துபார்த்துவிட்டுப் போகட்டும். அந்தப் பக்கக் கடலுக்கு அப்போதுதான் பருவம்.