கிடாருக்கு மட்டும் இந்த வீட்டில் இடமில்லையா?

வணக்கம் மேடம்.

எனக்கு 46 வயது. ரொம்ப நாள் ஆசை. போன வருடம்தான் ஒரு அகூஸ்டிக் கிடார் வாங்கி, ஆன்லைனில் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். அன்றிலிருந்து சொந்த வீட்டிலேயே பயந்து பயந்துதான் வாசிக்கிறேன்.

கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். அவருக்கு மீட்டிங் இருந்தால் நான் கிடாரைத் தொடக் கூடாது. மகன் தேர்வுக்குப் படிக்கிறான். நான் நாலு தடவை ஸ்ட்ரம் செய்தால் போதும், ஒரு வார்த்தை பேசாமல் இயர்போனை எடுத்து மாட்டிக்கொள்வான். மாமியாருக்கு லேசான தூக்கம். அதனால் இரவு ஒன்பதரைக்கு மேல் வேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டார். வேலையெல்லாம் முடிந்து நான் உட்காருவதே ஒன்பது மணிக்குத்தான். அப்புறம் எப்போதுதான் வாசிப்பது?

நானும் என்னென்னவோ செய்துவிட்டேன். கிடாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைக்கிறேன். மீட்டப் பயன்படும் பிக் என்ற சின்னத் தகடு இல்லாமல் கட்டைவிரலால் வாசிக்கிறேன். நடுவில் இருக்கும் ஓட்டைக்கு ரப்பர் மூடி வாங்கினேன். சுவரில் ஃபோம் ஒட்டினேன். ஒன்றும் போதவில்லை. இதே வீட்டில் டிவி அலறுகிறது. மகன் கேம் விளையாடும்போது கத்துகிறான். அதெல்லாம் யாருக்கும் தொந்தரவாகத் தெரிவதில்லை. என் கிடார் மட்டும்தான் சத்தம்!

ஒருநாள் கணவர் எட்டிப் பார்த்து, "இன்னும் அதே பாட்டா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. வாசித்ததை ரெக்கார்ட் செய்து அனுப்பச் சொன்னார் என் ஆசிரியர். எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் வசதி இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. போன மாதம் எல்லோரும் உறவினர் வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தார்கள், அப்போதுகூட ஏனோ கிடாரை எடுக்கவில்லை, அசதியாக இருந்திருக்கும், அது வேறு விஷயம். நான் கேட்பது இதுதான்: எனக்கென்று ஒன்று இருக்கக் கூடாதா? இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? இல்லையென்றால், சத்தமே கேட்காமல் வாசிக்க வேறு வழியாவது சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டார் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லப் போவதில்லை. வேறு விஷயம் என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன அந்த ஒரு வரியில்தான் என் கண் நின்றது. வீடு காலியாக இருந்தது. மீட்டிங் இல்லை, தேர்வு இல்லை, தூக்கம் கலைய ஆள் இல்லை. அன்றைக்கும் நீங்கள் கிடாரை எடுக்கவில்லை.

அசதி என்பதை நம்பலாம்தான். ஆனால் ரெக்கார்டிங் விஷயத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு பாட்டை போனில் பதிவு செய்ய எவ்வளவு நேரம் ஆகிவிடும்? டிவி ஓடினாலும் செய்யலாம். காலி வீட்டில் தாராளமாகவே செய்திருக்கலாம். எனக்குத் தோன்றுவது, உங்கள் வாசிப்பு மற்றவர்கள் காதில் விழுவதைவிட உங்கள் காதிலேயே தெளிவாக விழுவதுதான் உங்களுக்குப் பயம்.

கம்பிக்கு அடியில் துணி என்ன செய்கிறது என்று பாருங்கள். கம்பியின் அதிர்வைச் சட்டென்று அடக்கிவிடுகிறது. சரியாக அழுத்திய கம்பியும் பாதி அழுத்திய கம்பியும் ஏறக்குறைய ஒரே மாதிரி 'டப்' என்று கேட்கும். கார்டு என்றால் பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது. எஃப் என்ற கார்டில் ஆள்காட்டி விரலால், கிடாரின் கழுத்தில் குறுக்கே இருக்கும் ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளில் முதலாவதை ஒட்டி, ஆறு கம்பிகளையும் சேர்த்து அழுத்த வேண்டும், புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் திணறும் இடம் அது. அங்கே ஒரு கம்பி செத்துக் கிடந்தாலும், ஃப்ரெட்டில் உரசிக் கரகரத்தாலும், துணி இருந்தால் உங்களுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் விரல் திருந்தாது. மகனின் படிப்புக்காக வைத்த துணி, கடைசியில் உங்கள் தவறுகள் உங்களுக்கே கேட்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இனி நான் சொல்வது கொஞ்சம் கசக்கும். உங்கள் வீட்டில் யாரும் வாசிக்காதே என்று சொன்னதாக இந்தக் கடிதத்தில் இல்லை. மீட்டிங் நேரத்தில் வேண்டாம், ஒன்பதரைக்கு மேல் வேண்டாம் என்றார் கணவர். சேர்ந்து வாழும் எந்த வீட்டிலும் இது நியாயமான கோரிக்கை. மகன் நிறுத்தச் சொல்லாமல் தன் காதை மூடிக்கொள்கிறான். உங்களுக்கு அது அவமதிப்பாகப் படுகிறது, எனக்கு அது இடம்கொடுப்பதாகத் தெரிகிறது. மாறாக, எனக்கு இந்த நேரம் வேண்டும் என்று நீங்கள் யாரிடமாவது கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. வேலையெல்லாம் முடிந்த பிறகு மிச்சமாகும் நேரத்தை எடுத்துக்கொண்டு, அது போதவில்லை என்று அவர்கள் மேல் வருத்தப்படுகிறீர்கள். ஒன்பது மணி வரை எல்லா வேலையும் உங்கள் தலையில்தான் என்றால், அது தனியாகப் பேசித் தீர்க்க வேண்டிய அநியாயம். கிடாரின் பின்னால் நின்று அதைப் பேச முடியாது.

"அதே பாட்டா?" என்பது வலித்தது புரிகிறது. சிரிப்போடு வந்தாலும் அது குத்தும். ஆனால் பயிற்சி என்பதே ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வதுதானே? இரண்டு கார்டுகளுக்கு நடுவே விரல் மாறுவதை இருபது நிமிடம் பக்கத்திலிருந்து கேட்பவருக்கு, வாசிப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், அலுக்கத்தான் செய்யும். அந்த அலுப்பை உங்கள் திறமைக்குப் போட்ட மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டீர்கள். 46 வயதில் ஒன்றைப் புதிதாகத் தொடங்கியவர் தொடக்கநிலையில்தான் இருப்பார். அதை மறைக்க வேண்டிய ரகசியமாக ஏன் ஆக்கிக்கொண்டீர்கள்?

நீங்கள் கேட்ட சத்தமில்லாத வழிகளையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் ஒட்டும் ஃபோம் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். சுவரைத் தாண்டும் ஒலியை, அதிலும் தடித்த கம்பிகளின் கனத்த ஒலியை, அது நிறுத்தாது. கிடாரின் முன்பலகையே அதிர்ந்துதான் ஒலிக்கிறது என்பதால் ஓட்டையை மூடுவதிலும் ஓரளவுதான் பலன். இரவில் இடது கைக்கு மட்டும் வேலை கொடுங்கள்: கம்பியை மீட்டாமல் கார்டு மாற்றிப் பழகலாம், அதற்குத் துணிகூட வேண்டாம். எலக்ட்ரிக் கிடாரை ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் வாசித்தால் அடுத்த அறைக்கு அவ்வளவாக எட்டாது. ஆனால் இப்போதைக்கு அதை வாங்க வேண்டாம் என்பேன், ஒளிந்துகொள்ள இன்னொரு இடம் கிடைத்துவிடும்.

முதலில் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, மாலையில் எந்த அரை மணி நேரம் உங்களுடையது என்று பேசி முடிவு செய்யுங்கள். அவர்களுக்கு எது தோதோ அதையும் கேளுங்கள். அந்த நேரத்தில் துணியை எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றிவிட்டு, முழுச் சத்தத்தோடு வாசியுங்கள். நடுவில் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

அதில் ஒரு நாள் வாசிப்பைப் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல், எந்தக் கம்பி ஒலிக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை நன்றாக வாசித்துவிட்டு அனுப்பலாம் என்று தோன்றும். வேண்டாம், அந்தப் பதிவையே ஆசிரியருக்கு அனுப்பிவிடுங்கள்.