ஒழுகும் கூரை, ஊறும் சுவர்: வாடகைதாரர் கேள்விகள்

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மழை பெய்தால் படுக்கையறைக் கூரை ஒழுகுகிறது. உரிமையாளர் இரண்டு ஆண்டுகளாகத் தட்டிக்கழிக்கிறார். நாங்களே பழுதுபார்த்து வாடகையில் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரை, கட்டமைப்புப் பழுதுகளையும் குழாய்களை மாற்றுவதையும் வெள்ளையடிப்பதையும் உரிமையாளரின் பொறுப்பாகவும், குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளைக் குடியிருப்பவரின் பொறுப்பாகவும் பிரித்திருக்கிறது. கூரை ஒழுகல் ஐயத்திற்கிடமின்றி முதல் வகை. எழுத்து மூலம் தெரிவித்து, நியாயமான அவகாசம் கொடுத்த பிறகும் உரிமையாளர் செய்யவில்லை என்றால், நீங்களே செய்து செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ள 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இடமளிக்கிறது.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. மொட்டைமாடி பொதுவாக எல்லா வீட்டுக்காரர்களுக்கும் உரியது என்பதால், அங்கே தட்டோடு பெயர்க்க உங்களுக்கோ உங்கள் உரிமையாளருக்கோ தனி அதிகாரம் இருக்காது. குடியிருப்போர் சங்கத்தை அவர்தான் வலியுறுத்த வேண்டும். மொட்டைமாடியை விட்டுவிட்டு உள்ளே மட்டும் பட்டி பார்த்து வண்ணம் பூசினால், அடுத்த மழையில் அந்தப் பணமும் கரைந்துவிடும். கோபத்தில் வாடகையை முழுவதுமாக நிறுத்திவிடாதீர்கள். வாடகை நிலுவை உங்களை வெளியேற்றுவதற்கே காரணமாகிவிடும்.

கேள்வி: மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து எங்கள் சமையலறைக்குள் நீர் கசிகிறது. யாரிடம் கேட்பது?

பதில்: உங்கள் உரிமையாளரிடம். மேல்வீட்டுக்காரரோடு உங்களுக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை.

கேள்வி: வீட்டைக் காலி செய்தபோது, ஓதம் ஏறிய சுவருக்கு வண்ணம் பூச வேண்டும் என்று முன்பணத்தில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். இது சரியா?

பதில்: நீங்கள் உண்டாக்கிய சேதத்திற்குத்தான் பிடித்தம் செய்யலாம். வெளியிலிருந்து கசிந்த நீர் உங்கள் குற்றமன்று. ஒப்பந்தத்தில் வண்ணப்பூச்சுக்கென்று தனியாக ஒரு வரி இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். பலர் கையெழுத்திடும்போது அதைப் படிப்பதே இல்லை. அப்படி ஒரு வரி இல்லையெனில், வீடு ஒப்படைத்த ஒரு மாதத்திற்குள் முன்பணம் உங்களுக்குத் திரும்பியிருக்க வேண்டும். கசிவு குறித்து அப்போதே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் தேதியுள்ள படங்களும் உங்களுக்குச் சான்றாகும்.

கேள்வி: கசிவைப் பற்றிப் புகார் சொன்னதும் உரிமையாளர் தண்ணீரையே நிறுத்திவிட்டார்.

பதில்: தண்ணீர் அத்தியாவசியச் சேவை. மாவட்ட ஆட்சியர் நியமித்துள்ள வாடகை அதிகாரியிடம் உடனே மனுச் செய்யுங்கள். விசாரணை முடியும்வரை காத்திராமல் இணைப்பை மீட்டுத்தர இடைக்கால உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு.