அந்தச் சுவரும் இந்தத் தபால்தலையும்

கேள்வி: அமெரிக்காவில் 2024-இல் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என்பவருக்குத் தபால்தலை வெளியிட்டிருக்கிறார்கள். வழக்கறிஞர், செனட் உறுப்பினர் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. படத்தை வரைந்தது யார்? எதற்காக இந்தக் கௌரவம்?
– தபால்தலை சேகரிக்கும் வாசகி

பதில்: வரைந்தவர் சார்லி பால்மர் என்ற கறுப்பின ஓவியர். அந்தத் தபால்தலை என்னிடமும் ஒன்று இருக்கிறது. தங்கை மகள் அனுப்பிய கடித உறையில் வந்தது. ஒட்டுத்தாள் வகை; தண்ணீரில் ஊறவைத்தாலும் லேசில் கழலாது. அதனால் உறைத்தாளோடு சேர்த்துக் கத்தரித்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறோர் ஓவியம் நினைவுக்கு வரும். மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரின் கூட்டரசு நீதிமன்ற அறையில், 1938-இல் சிம்கா சிம்கோவிச் தீட்டி முடித்த சுவரோவியம். அதில் வெள்ளையர்கள் கனவான்களாக, படித்த தொழில் செய்பவர்களாக நிற்பார்கள். கறுப்பர்களுக்குப் பருத்தி எடுக்கும் வேலை. ஒரு கறுப்பரை வழக்கறிஞராகக் கற்பனை செய்ய அந்தத் தூரிகைக்குத் தோன்றவில்லை. அந்தச் சுவர் பார்த்துக்கொண்டிருக்கத்தான் மோட்லி எழுந்து வாதாடினார். மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் இடம் தர மறுத்த ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞரின் வழக்கு அது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு அவரைத் 'திருமதி மோட்லி' என்று அழைக்க வாய் வரவில்லை. அவரோ விடவில்லை, மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம் என்று அலைந்தார். 1962 அக்டோபர் 1 அன்று மெரிடித் அங்கே மாணவராகப் பதிவு செய்துகொண்டார். அந்த ஓவியத்தைப் பின்னாளில் மூடி மறைத்துவிட்டார்கள்.

மோட்லி 1921-இல் நியூ ஹேவனில் பிறந்தவர். தந்தை யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களில் சமையல்காரர். மகளை மேலே படிக்கவைக்க வீட்டில் வசதியில்லை. ஒரு கூட்டத்தில் இந்தப் பெண் மனத்தில் பட்டதைத் துணிந்து பேசியதைக் கேட்ட கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ என்ற செல்வந்தர், படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார். அந்தப் பேச்சு வீண்போகவில்லை. பள்ளிகளில் நிறப் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கிய 1954-ஆம் ஆண்டு பிரவுன் வழக்கின் மூல மனுவை எழுதியவர் இவர்தான். உச்ச நீதிமன்றத்தில் 10 வழக்குகளில் வாதாடி 9-இல் வென்றார். 1964-இல் நியூயார்க் மாநில செனட்டுக்குத் தேர்வானார். அந்த அவையின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினர். 1966-இல் கூட்டரசு நீதிபதி. அந்தப் பதவிக்கு வந்த கறுப்பினப் பெண்களிலும் அவரே முதலாமவர்.

ஆகவே, பால்மரின் படத்தில் முகத்தைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். அதிலுள்ள பெயரையும் வாசியுங்கள். நீதிமன்றத்தில் மரியாதையாகச் சொல்ல மறுத்தார்களே, அதே பெயர் முழுதாக அச்சாகியிருக்கிறது.

கறுப்பினப் பாரம்பரியம் என்ற தொடரில் இது 47-ஆவது தபால்தலை. முதலாவது 1978-இல், அடிமைகள் தப்பிச்செல்ல உதவிய ஹாரியட் டப்மனுக்கு வந்தது. அது கிடைத்தால் உங்கள் ஆல்பத்தில் இரண்டையும் ஒரே பக்கத்தில் வையுங்கள்.