மருத்துவ விழிப்புணர்வு வீடியோ எடுப்பவர்கள் கேட்டவை

நோய்த்தடுப்பு, முதலுதவி, மருந்து எடுக்கும் முறை பற்றி வீடியோ தயாரிக்கும் செவிலியர்கள், ஆசிரியர்கள், தன்னார்வலர்கள் ஆகியோரின் கேள்விகளும் பதில்களும் இங்கே. எல்லாப் பதிலுக்கும் ஒரே அளவுகோல்தான்: வீடியோவைப் பார்த்து முடித்தவர் எழுந்து போய் அந்தக் காரியத்தைச் சரியாகச் செய்ய வேண்டும்.

கேள்வி: உப்புச் சர்க்கரைக் கரைசல் பற்றிய வீடியோவில் அளவைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறோம். ஆனாலும் கலக்கிக் காட்டச் சொன்னால் பலர் உப்பை அதிகம் போடுகிறார்கள். ஏன்?

சொன்னது சரிதான். காட்டியது எப்படி இருக்கிறது என்று மறுபடி பாருங்கள். ஒரு லிட்டர் குடிநீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டும் தலைதட்டிய அளவு. பெரும்பாலான வீடியோக்களில் கரண்டியில் உப்பு குவிந்து நிற்கும், கை வேகமாகக் கவிழ்த்துவிடும். காது “அரை” என்று கேட்கிறது, கண் ஒரு குவியலைப் பார்க்கிறது. கடைசியில் மனதில் நிற்பது கண் பார்த்ததுதான்.

5 மில்லி தேக்கரண்டியைப் பக்கவாட்டில், கண்மட்டத்தில் வைத்து எடுங்கள். கத்தியின் முதுகால் மேலே வழித்துத் தட்டுவது ஒரே ஷாட்டில், வெட்டில்லாமல் வரட்டும். பிறகு கரண்டியை மேலிருந்து காட்டி, வழித்த உப்பை நடுவில் கோடு போட்டுப் பிரித்துப் பாதியை ஒதுக்குங்கள். பின்னணி அடர் நிறமாக இருக்கட்டும். வெள்ளைத் தட்டில் வெள்ளை உப்பு கண்ணுக்கே தெரியாது. சர்க்கரையைப் போடும்போது ஆறு கரண்டியையும் எண்ணிக் காட்டுங்கள். இரண்டு கரண்டி காட்டிவிட்டு “இப்படியே ஆறு” என்று தாவாதீர்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்பதையும் வீடியோவிலேயே ஒரு வரியில் சொல்லுங்கள். உப்பு மிகுந்தால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகலாம். சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும் இடத்தில் அதுவே முதல் தேர்வு. ஆனால் ஒரு லிட்டருக்கான பொட்டலமும் 200 மில்லிக்கான பொட்டலமும் உண்டு. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டுவது மிக ஆபத்தான பிழை. பொட்டலத்தில் அச்சிட்ட நீரளவை விரலால் தொட்டுக் காட்டும் ஷாட் ஒன்று கட்டாயம் வேண்டும். கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெதுவாகத் தொடர வேண்டும். பலர் வாந்தி வந்ததும் நிறுத்திவிடுவதால் இந்தக் காட்சியை வெட்டவே வெட்டாதீர்கள்.

கேள்வி: வீடியோ எவ்வளவு நீளம் இருக்கலாம்?

ஒரு வீடியோவுக்கு ஒரு செயல். எட்எக்ஸ் இணையப் பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014-இல் வெளியான ஆய்வில், பாடம் எவ்வளவு நீண்டாலும் குறைந்தது பாதிப் பார்வைகள் ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. அவர்களாவது படிக்க வந்தவர்கள். பொதுமக்களுக்கு இரண்டு, மூன்று நிமிடம் போதும்.

ஆனால் நேரமே பாடமாக உள்ள இடத்தில் கத்தரி வைக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவ உலக சுகாதார நிறுவனம் சொல்வது 40 முதல் 60 விநாடி. அதை 12 விநாடியில் ஓட்டிக் காட்டினால் பார்ப்பவர் கற்பது 12 விநாடிக் கைகழுவல். முழு நேரமும் அப்படியே ஓடட்டும். கட்டைவிரல், நகக்கண், விரலிடுக்கு என்று குரல் வழிநடத்தினால் சலிப்புத் தட்டாது.

கேள்வி: இன்ஹேலர் பயன்படுத்தும் முறையைக் காட்ட கேமராவை எங்கே வைப்பது? நேர் எதிரே வைத்து எடுத்தது திருப்தியாக இல்லை.

நேர் எதிரே வைத்தால் இன்ஹேலரும் கையும் வாயை மறைத்துவிடும். முகத்தின் பக்கவாட்டில், வாய் மட்டத்தில் வையுங்கள். உதடு இறுக மூடியிருப்பது, தாடை சற்று உயர்ந்திருப்பது, நெஞ்சு விரிவது மூன்றும் ஒரே சட்டகத்தில் வர வேண்டும். பின்னால் கறுப்புத் துணி, பின்பக்கத்திலிருந்து சாய்வாக ஒரு விளக்கு. இந்த வெளிச்சத்தில்தான் மருந்துப் புகை கண்ணுக்குத் தெரியும். அழுத்திய பிறகு மூச்சை இழுத்தாலோ உதடு இறுக மூடாவிட்டாலோ வாயோரம் வெள்ளைப் புகையாக வெளியேறுவதை அப்படியே பிடிக்கலாம். அந்த ஒரு ஷாட் பத்து வாக்கிய விளக்கத்துக்குச் சமம். திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் மருந்தில்லாத பயிற்சி இன்ஹேலரையே பயன்படுத்துங்கள்.

வரிசை இது: மூடியைக் கழற்றி வாய்ப்பகுதியில் தூசு இருக்கிறதா என்று பார்ப்பது, குலுக்குவது, மூச்சை முழுவதும் வெளியே விடுவது, உதட்டை இறுக மூடுவது, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துவது, 3 முதல் 5 விநாடி தொடர்ந்து இழுப்பது, 10 விநாடி மூச்சைப் பிடிப்பது. பத்து விநாடியையும் குரலில் எண்ணுங்கள், பார்ப்பவரும் கூடவே பிடித்துப் பார்ப்பார். அடுத்த அழுத்தத்துக்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி விட்டு மறுபடி குலுக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் வாய் கொப்பளித்துத் துப்புவதோடு காட்சி முடிய வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: இது புகையாகப் பீய்ச்சும் வகைக்கான முறை. உலர்பொடி இன்ஹேலரில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டும் நேர் எதிர். இரண்டையும் ஒரே வீடியோவில் கலக்காதீர்கள். முதல் ஐந்து விநாடியிலேயே எந்தக் கருவிக்கான வீடியோ என்று கருவியைக் கையில் பிடித்துக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: இதயத்துடிப்பு நின்றவருக்கான முதலுதவி வீடியோவில் உயிருள்ள ஒரு நடிகரைப் படுக்க வைத்து மார்பு அழுத்தம் காட்டலாமா? பொம்மை செயற்கையாகத் தெரிகிறது.

கூடாது. துடிக்கும் இதயத்தின் மேல் உண்மையான அழுத்தம் கொடுக்க முடியாது என்பதால் நடிப்பவர் முழங்கையை மடக்கி, ஒப்புக்கு அமுக்குவார். பார்ப்பவர் கற்பது அந்தப் பொய்யான அழுத்தத்தை. விழுந்தவரைத் தட்டி எழுப்பிப் பார்ப்பது, உதவிக்குக் கூப்பிடுவது, மூச்சைக் கவனிப்பது வரை நடிகர் போதும். விட்டுவிட்டு வரும் திணறல் மூச்சை நடிகர் செய்து காட்டட்டும். “மூச்சு இருக்கிறதே” என்று ஏமாந்து பலர் காத்திருப்பது இங்கேதான்.

அழுத்தத்துக்குப் பொம்மைக்கு மாறுங்கள். கேமரா தரையை ஒட்டி, பக்கவாட்டில் இருக்கட்டும். பொம்மைக்குப் பின்னால் சென்டிமீட்டர் கோடு போட்ட அட்டை வைத்தால் 5 முதல் 6 செ.மீ. ஆழம் என்றால் என்ன என்பது புரியும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. இந்தக் காட்சியை வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டவே கூடாது. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே வர விடுவதையும் குரலில் குறிப்பிடுங்கள்.

கேள்வி: தொண்டையில் உணவு அடைத்தால் செய்ய வேண்டியது பற்றிய எங்கள் பழைய வீடியோ இன்னும் நன்றாக ஓடுகிறது. அப்படியே விடலாமா?

வேண்டாம். அமெரிக்க இதயச் சங்கத்தின் பழைய வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வயிற்று அழுத்தம் மட்டுமே இருந்தது. 2025 வழிகாட்டுதல் ஐந்து முறை முதுகில் தட்டி, அடைப்பு போகாவிட்டால் ஐந்து முறை வயிற்றை அழுத்தி, மாறி மாறித் தொடரச் சொல்கிறது. ஐரோப்பிய வழிகாட்டுதலில் முதுகுத்தட்டு முன்பிருந்தே உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்று அழுத்தம் கூடவே கூடாது. முதுகுத்தட்டும் மார்பு அழுத்தமும்தான். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விட்டுத் துழாவுவதும் எந்த வயதிலும் தவறு. பழைய வீடியோவைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டு, அதன் இணைப்பைப் புதியதற்குத் திருப்புங்கள். விளக்கக் குறிப்பில் மட்டும் திருத்தம் எழுதினால் பயனில்லை, அதை யாரும் படிப்பதில்லை. இனி எடுப்பவற்றில் மருத்துவ ஆய்வு செய்த மாதமும் ஆண்டும் திரையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: எடிட்டிங்கில் தமிழ் எழுத்து உடைகிறது, “கொ” என்பது கொம்பு இடம் மாறி வருகிறது. சப்டைட்டில் போடுவதற்கும் விதி ஏதாவது உண்டா?

உடைவது பெரும்பாலும் எழுத்துருவால் அல்ல, எழுத்துகளைக் கோத்துக் காட்டும் மென்பொருள் பகுதியான எழுத்து எஞ்சினால். அடோப் பிரீமியரில் கிராபிக்ஸ் அமைப்புக்குள் தெற்காசிய எழுத்துகளுக்கான எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறங்கள். மருந்தளவு வரும் வரிகளைத் தமிழ் தெரிந்த ஒருவர் இறுதிக் கோப்பில் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. செயல்முறை வீடியோக்களில் கை எப்போதும் திரையின் கீழ்ப்பகுதியில்தான் வரும், எழுத்தும் அங்கேதான் வரும். ஊசி குத்தும் இடத்தையே எழுத்து மறைத்த வீடியோக்கள் ஏராளம். படம் எடுக்கும்போதே கையை மேல் மூன்றில் இரண்டு பங்குக்குள் வைத்துவிடுங்கள்.

கேள்வி: குரல் எதிரொலிக்கிறது.

மைக்கை வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ.க்குள் கொண்டு வாருங்கள். கேமராவில் உள்ள மைக்கை நம்பினால் எதிரொலி நிச்சயம். வெறும் சுவருள்ள அறையில் கனமான போர்வைகளைத் தொங்கவிடுங்கள். மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். பின்னணி இசை குரலைவிட 20 டெசிபெல் குறைவாக இருக்கட்டும். மருந்தளவு சொல்லும் இடத்தில் இசையே வேண்டாம்.

கேள்வி: தடுப்பூசி பற்றிய வதந்தியை மறுத்து வீடியோ போட்டோம். வதந்திதான் அதிகம் பரவியது போல இருக்கிறது.

தலைப்பிலும் முகப்புப் படத்திலும் வதந்தியைக் கேள்வியாகப் போட்டிருப்பீர்கள். வீடியோவைத் திறக்காமல் கடந்து போகிறவர் மனதில் அது மட்டும் தங்கிவிடும். உண்மையில் தொடங்குங்கள். அடுத்து “இனி வருவது தவறான தகவல்” என்று எச்சரித்துவிட்டு வதந்தியை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அது எங்கே ஏமாற்றுகிறது என்று விளக்கி, மறுபடி உண்மையில் முடியுங்கள். எண்களில் நேர்மை வேண்டும். ஆயிரத்தில் 2 பேருக்கு வந்த பாதிப்பு 1 பேராகக் குறைந்தால் “50 சதவீதம் குறைந்தது” என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. ஆயிரத்தில் எத்தனை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பக்கவிளைவை மூடி மறைத்தால் முதல் காய்ச்சலிலேயே உங்கள் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

கேள்வி: வெளியிடும் முன் வீடியோவை எப்படிச் சோதிப்பது?

“பிடித்திருக்கிறதா, புரிந்ததா” என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆம் என்பார்கள். இலக்கு மக்களில் ஐந்தாறு பேருக்குத் தனித்தனியாக, அவர்களுடைய போனிலேயே, ஒரு முறை மட்டும் போட்டுக் காட்டுங்கள். பிறகு பொருட்களை முன்னால் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். இடையில் திருத்தாமல், எந்த அடியில் தயங்குகிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்த ஷாட்டைத் திரும்ப எடுக்க வேண்டும். இதற்கு முன்பே ஒரு வடிகட்டலுக்கு, அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமை வெளியிட்ட பெமாட் மதிப்பீட்டுப் படிவம் உதவும். வீடியோவுக்கான வடிவத்தில் 17 கேள்விகள். புரிகிறதா என்பதற்கு 13, செயல்படுத்த முடிகிறதா என்பதற்கு 4. அந்த நான்கில்தான் பெரும்பாலும் மதிப்பெண் குறையும்.

கேள்வி: நோயாளியின் சம்மதம் வாங்கிவிட்டோம். வேறென்ன கவனிக்க வேண்டும்?

சட்டகத்தின் ஓரங்களை. மணிக்கட்டுப் பட்டை, படுக்கைக் குறிப்பேடு, பின்னால் ஒளிரும் கணினித் திரை, கடந்து போகும் இன்னொரு நோயாளி. சம்மதக் கடிதத்தில் இணையத்தில் வெளியாகும் என்பதும், பிறகு விலக விரும்பினாலும் பகிரப்பட்ட பிரதிகளைத் திரும்பப் பெற முடியாது என்பதும் எளிய சொற்களில் இருக்க வேண்டும். முகம் தேவைப்படாத பாடத்துக்கு முகத்தைக் காட்டவே வேண்டாம்.

கேள்வி: இணையம் மெதுவாக உள்ளவர்களுக்கு எந்த வடிவில் கொடுப்பது?

480பி தெளிவு, எச்.264 சுருக்கமுறை, எம்பி4 கோப்பு. விநாடிக்கு 1 மெகாபிட் என்றால் ஒரு நிமிடம் 7.5 எம்.பி.; மூன்று நிமிட வீடியோ 23 எம்.பி.க்குள் அடங்கும், ஒலிக்குத் தனியாக ஓரிரு எம்.பி. எச்.265 இன்னும் சிறிதாகும், ஆனால் பழைய போன்கள் சிலவற்றில் ஓடாது. சுருக்கிய பிறகு கரண்டியின் அளவுக்கோடும் சிரிஞ்சின் எண்களும் தெரிகின்றனவா என்று ஒரு சிறிய போனில் பாருங்கள். தெரியவில்லை என்றால் கோப்பைப் பெரிதாக்க வேண்டாம், அந்த ஷாட்டை இன்னும் நெருங்கி எடுங்கள்.